பையை இறக்கி வைக்கும் முன்

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுக்கு உலகப் புகழ் தேடித்தந்த ஜிம் தாம்சன், மலேசியாவின் கேமரன் மலையில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் காலாற நடக்கக் கிளம்பினார். சிகரெட்டும் மாத்திரையும் அறையிலேயே இருந்தன. சற்று நேரத்தில் திரும்புவார் என்றே தோன்றும். திரும்பவேயில்லை. நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சல்லடையாகச் சலித்தும் தடயம் கிட்டவில்லை.

மலையேறும் நேயர்களே, நீங்களும் இப்படித் தண்ணீர் பிடிக்கவோ படம் எடுக்கவோ பையை இறக்கி வைத்துவிட்டு நகர்கிறீர்களா? தேயிலைச் சரிவைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்துவிட்டால், மூடுபனி இறங்கிய சில நிமிடங்களில் சற்றுத் தள்ளியிருக்கும் பைகூடத் தெரியாமல் போகலாம். விசில், கைவிளக்கு, கைப்பேசி, மழைக்கோட்டு, அன்றாட மருந்து எல்லாம் பையில் அல்ல, உங்கள் உடம்போடு இருக்கட்டும். பையின் மேல் பளிச்சென்ற துணியொன்றைக் கட்டுங்கள். வழி தவறினால் அலையாமல் நின்ற இடத்திலேயே மும்மூன்று முறை விசில் ஊதுங்கள். மலேசியாவில் அவசர உதவிக்கு எண் 999.