மழைநீர் வழிந்தோட்ட மாசும் இசைவாணை நெறிகளும்: அமெரிக்கத் தொழில், வணிக வளாகங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொழில் வளாகத்தின் கூரையிலும் முற்றத்திலும் பெய்யும் மழை, அங்குப் படிந்துள்ள எண்ணெய், உலோகத் துகள், வேதிப்பொருள் எச்சம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு நீர்நிலையை அடைகிறது. இம்மாசினைக் கட்டுப்படுத்த அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இசைவாணை முறை நடைமுறையில் உள்ளது. அம்முறையின் சட்டப் பின்புலம், வளாக உரிமையாளர் ஆற்றவேண்டிய கடமைகள், கண்காணிப்பு முறை, வணிக வளாகங்களின் நிலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இசைவாணைக்கு இணங்குதல் என்பது ஆவணம் பேணுவதோடு நின்றுவிடும் இடங்களையும் அது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மழைநீர் வழிந்தோட்டம், தூய நீர்ச் சட்டம், இசைவாணை, ஒப்பளவு, மாசுத் தடுப்புத் திட்டம்.

முன்னுரை

ஆலைக் கழிவுநீருக்கு ஒரு குழாய் உண்டு. அதன் வாயில் நின்று அளந்தறியலாம். மழைநீருக்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. அது எப்போது வரும், எவ்வளவு வரும், எதனைக் கரைத்து வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. பழைய இரும்புக் கிடங்கின் முற்றமும், சரக்குந்துகள் பழுதுபார்க்கப்படும் கொட்டகையின் வாயிலும், துத்தநாகம் பூசிய தகரக் கூரையும் மழை பெய்யும் சில மணி நேரத்திற்கு மட்டும் மாசு மூலங்களாகின்றன. இத்தகைய மூலத்தைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவருவது எங்ஙனம் என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

சட்டப் பின்புலம்

1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், புள்ளி மூலம் எதிலிருந்தும் இசைவாணையின்றி மாசினை நீர்நிலையில் விடுவதைத் தடை செய்தது. எண்ணற்ற மழைநீர் வடிகால்கள் அனைத்திற்கும் இசைவாணை வழங்குவது இயலாது எனக் கருதிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அவற்றுள் பலவற்றுக்கு விலக்களித்தது. புள்ளி மூலங்களுள் ஒரு வகையை அவ்வாறு முழுமையாக விலக்க முகமைக்கு அதிகாரமில்லை என்று 1977இல் கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978 முதல் 1983 வரை நாடு முழுவதும் 28 இடங்களில் நிகழ்ந்த நகர்ப்புற வழிந்தோட்ட ஆய்வுத் திட்டம், செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகிய உலோகங்கள் மழைநீரில் பரவலாகக் காணப்படுவதை வெளிப்படுத்தியது.

இவற்றின் தொடர்ச்சியாக 1987இல் சட்டம் திருத்தப்பட்டு, தொழிற்செயல்பாட்டோடு தொடர்புடைய மழைநீருக்கு இசைவாணை கட்டாயமாயிற்று. 1990 நவம்பரில் வெளியான முதற்கட்ட விதிகள் 11 வகைத் தொழிற்செயல்பாடுகளை வரையறுத்தன. உற்பத்தி ஆலை, சுரங்கம், குப்பை நிரப்பிடம், பழைய உலோக மறுசுழற்சிக் கூடம், அனல்மின் நிலையம், போக்குவரத்துப் பணிமனை, பெரிய கட்டுமானக் களம் முதலியன அவற்றுள் அடங்கும். 1999 டிசம்பரில் வந்த இரண்டாங்கட்ட விதிகள், ஓர் ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரையிலான கட்டுமானங்களையும் சிறு நகர வடிகால் அமைப்புகளையும் உட்படுத்தின.

இசைவாணையும் விலக்கும்

ஒவ்வோர் ஆலைக்கும் தனி ஆணை எழுதுவது அரிதாகையால், ஒரே தன்மையுடைய பலருக்கும் பொருந்தும் பொது இசைவாணையே பெருவழக்காக உள்ளது. கூட்டரசின் பன்துறைப் பொது இசைவாணை 1995இல் முதலில் வெளியாகி, பின்னர் 2000, 2008, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் தம் சொந்த இசைவாணைகளை வழங்குகின்றன. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவின் தொழிலகப் பொது இசைவாணை 2015 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அம்மாநிலத்தில் 2020 முதல், குறிப்பிட்ட தொழில் வகையினர் நகர, மாவட்ட வணிக உரிமம் கோரும்போதே மழைநீர் இசைவாணையில் பதிவு செய்திருப்பதைக் காட்டவேண்டும். பதிவு செய்யாமலே இயங்கும் நிறுவனங்களைக் கண்டறிவதற்கு இவ்வேற்பாடு துணைபுரிகிறது.

மூலப்பொருள், கழிவு, இயந்திரம் ஆகியவை மழை படாதவாறு முற்றிலும் மூடப்பட்டிருப்பின், 'வெளிப்பாடின்மை'ச் சான்று அளித்து விலக்குப் பெறலாம். கட்டுமானம் தவிர்த்த ஏனைய தொழில் வகைகளுக்கு இது பொருந்தும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரு கூரை அமைப்பதற்கு ஆகும் செலவையும் ஆண்டுதோறும் மாதிரி எடுத்துச் சோதிக்கும் செலவையும் ஒப்பிட்டு உரிமையாளர் முடிவெடுக்க இது வழி செய்கிறது.

மாசுத் தடுப்புத் திட்டம்

இணக்கத்தின் மையம் மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் என்னும் ஆவணமாகும். வளாகத்தின் வரைபடம், நீர் ஓடும் திசை, வெளியேறும் வாயில்கள், மழையில் நனையும் பொருள்களின் பட்டியல், கடந்தகாலக் கசிவுகள், பொறுப்பேற்கும் பணியாளர் குழு ஆகியன அதில் இடம்பெறும். கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் இருவகைப்படும். முற்றத்தைப் பெருக்குதல், குப்பைத் தொட்டியை மூடிவைத்தல், கசிவை உடன் துடைத்தல், பணியாளருக்குப் பயிற்சி அளித்தல் ஆகியன நடைமுறை சார்ந்தவை. கூரை, தடுப்பு மேடை, எண்ணெய் பிரிப்பான், படிவுக் குளம், வடிகட்டி ஆகியன கட்டமைப்பு சார்ந்தவை. நீரில் கலந்தபின் மாசினைப் பிரிப்பதைவிட, மழை படாமல் காப்பது எளிது என்பதே இவற்றின் அடிப்படை நோக்கு.

கண்காணிப்பும் ஒப்பளவும்

கூட்டரசு இசைவாணையின்படி காலாண்டுக்கு ஒருமுறை வளாகம் ஆய்வு செய்யப்பட வேண்டும். காலாண்டுதோறும் வழிந்தோடும் நீரை நிறமற்ற தூய கலனில் பிடித்து, நிறம், மணம், தெளிவு, நுரை, எண்ணெய்ப் படலம், மிதக்கும் பொருள், படியும் பொருள் ஆகியவற்றைக் கண்ணால் நோக்கிப் பதிவு செய்யவேண்டும். நீர் வெளியேறத் தொடங்கிய முதல் 30 நிமிடத்திற்குள் மாதிரி எடுத்தல் வேண்டும். முந்தைய மழைக்குப் பின் 72 மணி நேரம் கடந்திருத்தலும் வேண்டும். வறண்ட நாள்களில் சேர்ந்த மாசினை முதல் நீரோட்டமே பெரிதும் அடித்துச் செல்வதே இந்நிபந்தனைகளின் காரணம். நள்ளிரவிலோ விடுமுறை நாளிலோ மழை வந்தால் மாதிரி தவறிவிடும் என்பது களத்தில் எழும் இடர்ப்பாடு.

சில துறைகள் ஆய்வகச் சோதனையும் செய்யவேண்டும். நீரில் கலங்கி நிற்கும் திண்மங்களுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம், வேதி ஆக்சிஜன் தேவைக்கு 120 மில்லிகிராம் என்பன ஒப்பளவுகள். இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஒப்பளவு என்பது உச்சவரம்பு அன்று. அதனை மீறுவது தன்னளவில் சட்டமீறல் ஆகாது; மீறலைக் கண்டும் திருத்த நடவடிக்கை எடுக்காமல் இருப்பதே மீறலாகும். 2021ஆம் ஆண்டு இசைவாணை இந்நடவடிக்கைகளை மூன்று படிகளாக வகுத்தது. திட்டத்தை மறு ஆய்வு செய்வது முதற்படி. நடைமுறைகளைக் கூட்டுவது இரண்டாம் படி. கட்டமைப்புகளை நிறுவுவது மூன்றாம் படி.

இம்முறையில் அளப்பவரும் அறிக்கை அளிப்பவரும் உரிமையாளரே. தேசிய ஆய்வுக் குழு 2009இல் வெளியிட்ட அறிக்கை, தொழிலகக் கண்காணிப்பின் போதாமையைக் கண்டித்தது. 2019இல் தேசிய கல்விக்கழகங்களின் அறிக்கை, எல்லாத் துறைகளிலும் பி.எச்., திண்மங்கள், வேதி ஆக்சிஜன் தேவை ஆகிய மூன்றையும் அளக்கப் பரிந்துரைத்தது. 2021ஆம் ஆண்டு இசைவாணை, ஒப்பளவுச் சோதனைக் கடமை இல்லாத துணைத்துறைகளுக்கு இதனை அறிக்கை அளிக்கும் அளவில் மட்டும் சேர்த்துக்கொண்டது. குடிமக்கள் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வழக்குத் தொடரச் சட்டம் இடமளிப்பதால், நிறுவனம் தானே அளிக்கும் அறிக்கை அதற்கு எதிரான சான்றாகவும் அமையக்கூடும்.

வணிக வளாகங்களின் நிலை

அங்காடி, உணவகம், அலுவலகம் ஆகியன 11 தொழில் வகைகளுள் அடங்கா. ஆயினும் அவற்றின் பரந்த வாகன நிறுத்தங்கள் மாசற்றவை அல்ல. டயர்களில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உருவாகும் 6பிபிடி-குயினோன் என்னும் சேர்மம், வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோகோ சால்மன் மீன்கள் மடிவதற்குக் காரணம் என 2020இல் கண்டறியப்பட்டது. வணிக வளாகங்கள் பொதுவாக நகராட்சி வடிகால் இசைவாணை வழியாகவும் உள்ளூர் விதிகள் வழியாகவுமே கட்டுப்படுத்தப்படுகின்றன. நீர்த்தரத்தைக் கெடுக்கும் பிற மூலங்களையும் இசைவாணைக்கு உட்படுத்தும் எஞ்சிய அதிகாரம் முகமைக்கு உண்டு. அதன்படி, மாசசூசெட்சின் சார்லஸ், மிஸ்டிக், நெபான்செட் ஆற்றுப் படுகைகளில் உள்ள பெரிய வணிக, தொழில், நிறுவன வளாகங்களை உட்படுத்தும் முதற்கட்ட முடிவு 2022இல் வெளியிடப்பட்டது. பாசிப் பெருக்கத்திற்குக் காரணமான பாஸ்பரசைக் குறைப்பது சார்லஸ் ஆற்றைப் பொறுத்தவரை இதன் முதன்மை நோக்கம்.

முடிவுரை

2025 மார்ச் 4இல் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இம்முறையின் எதிர்காலத்தைத் தொடுகிறது. அவ்வழக்கு நகரக் கழிவுநீர் பற்றியது. எனினும், நீர்நிலையின் தரத்திற்கு இசைவாணை பெற்றவரே பொறுப்பு எனப் பொதுப்பட விதிக்கும் 'இறுதி விளைவு' நிபந்தனைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்ற அதன் முடிவு, அதே வகை வாசகங்களைக் கொண்ட மழைநீர் இசைவாணைகளையும் பாதிக்கவல்லது. அவ்வாறாயின், ஒவ்வொரு வளாகமும் என்ன செய்யவேண்டும் என்பதை முகமையே குறிப்பாக எழுதவேண்டும். அதற்குக் களத் தரவுகள் வேண்டும். ஆனால் இதுவரை மிகக் குறைவாகத் திரட்டப்பட்டவை அத்தரவுகளே. ஆதலால், முதல் மழையில் கலனைப் பிடித்து நிற்கும் பணியாளரின் பதிவு வெறும் சடங்கன்று. ஆற்றைக் காக்கும் விதி இனி அப்பதிவிலிருந்தே எழுதப்பட வேண்டியுள்ளது.