விளக்கைத் தேடி வராத கும்பிடுபூச்சி

ருவாண்டாவின் தென்மேற்கு மூலையில், புருண்டி எல்லையை ஒட்டி நியுங்வே தேசியப் பூங்கா இருக்கிறது. சிம்பன்சிகளுக்குப் பெயர்பெற்ற குளிர்ந்த மலை மழைக்காடு அது. 2013இல் ஓர் ஆய்வுக்குழு அங்கே கும்பிடுபூச்சிகளைத் தேடிப் போனது. குழுவை நடத்தியவர் ரைலி டெட்ரோ என்ற கல்லூரி மாணவர். அவருக்கு வழிகாட்டியவர் பூச்சியியலாளர் கேவின் ஸ்வென்சன்.

உலகில் ஏறத்தாழ 2,400 வகைக் கும்பிடுபூச்சிகள் இருக்கின்றன. இலை, பட்டை, சருகு என்று இருக்கும் இடத்தின் நிறத்தோடும் வடிவத்தோடும் ஒன்றிவிடுவதால் அவை எளிதில் கண்ணில் படுவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் இருட்டியதும் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் பிரகாசமான விளக்கொளியைப் பாய்ச்சிக் காத்திருப்பார்கள். பூச்சிகள் தாமே வந்து துணியில் அமரும்.

ஆனால் அப்படி வருபவை பெரும்பாலும் ஆண்களே. இணை தேடி இரவில் பறப்பது ஆண்தான். முட்டை சுமக்கும் பெண்ணுக்கு உடல் கனம். பல இனங்களில் அதற்குச் சிறகு குட்டை, சிலவற்றில் அறவே இல்லை. இந்த வேறுபாடு காதிலும் தெரிகிறது. பல கும்பிடுபூச்சிகளுக்கு மார்பின் அடியில், நடுக்கோட்டில், ஒரே ஒரு காது உண்டு. வௌவாலின் மீயொலி அதில் விழுந்ததும், பறந்துகொண்டிருக்கும் பூச்சி சட்டென்று கீழ்நோக்கிப் பாய்ந்து தப்பிக்கும். சிறகு குட்டையான பெண்களுக்கோ அந்தக் கேட்கும் திறன் மிகக் குறைவு.

எனவே பெண்ணைப் பார்க்க மனிதர்தான் நடக்க வேண்டும். புதர்க்கிளைக்கு அடியில் துணியை விரித்துக் கிளையைத் தட்டுவது, புல்வெளியில் வலையை வீசுவது, செடி செடியாகக் கண்ணால் துழாவுவது ஆகியவையே வழிகள். நியுங்வேயில் விளக்கு, நேரடித் தேடல் என இரண்டு வழிகளும் கைகொடுத்தன. விளக்குக்கு ஓர் ஆண் வந்தது. சிறகற்ற பெண் தரையோரப் புதரில் அகப்பட்டது. பிடிபட்ட பிறகு அது முட்டைக்கூடும் இட்டது. ஆண், பெண், முட்டைக்கூடு, குஞ்சு என எல்லாவற்றின் விவரங்களோடும் 2014இல் அந்தப் புதிய இனம் அறிவிக்கப்பட்டது. அதன் அறிவியல் பெயர் டிஸ்டாக்டா டிக்ரிஃப்ரூடெக்ஸ்.

விளக்கை மட்டும் நம்பியிருந்தால், அந்த இனத்தின் பாதி வாழ்க்கை பதிவாகியிருக்காது. காப்புக்காடுகளை நிர்வகிப்போர் கவனிக்க வேண்டியதும் இதுதான். சிறகில்லாத பெண், வெட்டவெளியைப் பறந்து கடந்து அடுத்த காட்டுக்குப் போய்விட முடியாது. மரங்கள் நின்றாலும், அடிப்புதர் எரிந்தோ வெட்டுப்பட்டோ போனால் அதற்கு வேறு புகலிடம் இல்லை. ஆகவே கணக்கெடுப்பு புதருக்குள்ளும் நடக்க வேண்டும். பாதுகாப்பும் அந்தப் புதர்வரை இறங்க வேண்டும்.