கவர்னருக்கும் கொஞ்சம் உராய்வு வேண்டும்

மின்சாரம் நின்றதும் திண்டிவனத்து மண்டபங்களிலும் விழுப்புரத்து அரிசி ஆலைகளிலும் ஜெனரேட்டர் போடுகிறார்கள். சில ஜெனரேட்டர்கள் சீராக ஓடாமல் உறுமுவதும் தணிவதுமாக இருக்கும். விளக்கும் கூடவே கூடிக் குறையும். மெக்கானிக்குகள் இதை 'ஹண்டிங்' என்பார்கள். உடனே, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் கார்டில், அதன் வேகமான எதிர்வினையைக் கூட்டும் 'கெய்ன்' திருகை ஏற்றிவிடுபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் நோயைக் கூட்டிவிடும். வேகம் குறைந்ததும் கவர்னர் டீசலைக் கூட்டுகிறது. அது எரிந்து, கனத்த ஃபிளைவீலைத் தள்ளி, வேகம் ஏறுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் அவசரக்காரக் கவர்னர் இன்னும் டீசலைத் திறந்துவிடும். வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று என்ற இலக்கைத் தாண்டிய பிறகு தாமதமாக மூடும். மூடும்போதும் அளவுக்கு மீறி மூடும்.

ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இயந்திரத்தில் பொருத்திய உருண்டைக் கவர்னருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. கரடுமுரடான இணைப்புகளின் உராய்வே ஊசலாட்டத்தை விழுங்கியது. கடைசல் வேலை நேர்த்தியாக ஆக, உராய்வு குறைந்தது. இயந்திரங்கள் ஊசலாடத் தொடங்கின. செய்நேர்த்தியே வினையான இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. 1868-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் இதைச் சமன்பாடுகளில் ஆராய்ந்தார். அடுத்த பத்தாண்டில் ரஷ்யாவின் விஷ்னெகிராட்ஸ்கி, உராய்வு இல்லாவிட்டால் இத்தகைய கவர்னர் நிலைகொள்ளாது என்று கணக்கிட்டுக் காட்டினார். எண்ணெய் நிரப்பிய டாஷ்பாட் அந்த உராய்வை வேண்டுமென்றே தருகிறது. பைக்கின் ஷாக் அப்சார்பரைப் போல, மெல்ல அசைந்தால் வழிவிடும், வெடுக்கென்று அசைந்தால் தடுக்கும். அப்படியானால் துருவும் அழுக்கும் நல்லவையா? கிடையாது. துருப்பிடித்த இணைப்பு முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று நழுவும். தேய்ந்த இணைப்பு முளை லூஸாக இருந்தால், கவர்னர் நகர்ந்தும் டீசல் பம்ப் நகராது. இரண்டும் தாமதத்தைக் கூட்டும், ஊசலாட்டத்தையும் கூட்டும்.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இப்படிக் கிரிட்டோடு சேர்ந்து ஓடும் டர்பைன்களுக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. சுமை ஏற ஏறக் கவர்னரின் இலக்கு வேகத்தைச் சற்று இறங்க விடுவார்கள். 4% என்பது வழக்கமான அளவு. துல்லியமாக 50 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பவருக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு மெஷினும் தன் 50-ஐயே பிடித்துக்கொண்டு நின்றால், ஒன்றின் சுமையை மற்றொன்று பிடுங்கும். சுமை அங்குமிங்கும் அலையும். வேகத்தில் விட்டுக்கொடுப்பதால்தான் சுமை பங்காகிறது.

மண்டபத்து ஜெனரேட்டருக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. டீசல் ஃபில்டரை மாற்றி, லைனில் உள்ள காற்றை எடுத்து, லீவரைக் கையால் அசைத்து லூஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் ஹண்டிங் நிற்காவிட்டால், கெய்ன் திருகைக் குறைக்கும் பக்கம் திருப்ப வேண்டும்.