பெயரில்லாத ஓட்டுச்சீட்டு

1952-இல் முடிந்த முதல் பொதுத்தேர்தலில், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் காமராஜரை எதிர்த்து நின்றவர் ஜி.டி. நாயுடு. கோவையில் மோட்டாரும் சவர பிளேடும் செய்த அதே நாயுடுதான். தில்லுமுல்லுக்கு இடம்தராத ஓட்டுப்பதிவு இயந்திரம் ஒன்றையும் அவர் செய்திருக்கிறார். ஆனால் அன்று அவருக்கு விழுந்த சீட்டிலும் காமராஜருக்கு விழுந்த சீட்டிலும் வேட்பாளர் பெயர் கிடையாது, சின்னமும் கிடையாது. எல்லாம் ஒரே மாதிரிச் சீட்டு. காமராஜர் ஜெயித்து எம்.பி. ஆனார்.

பெயரே இல்லாத சீட்டில் யாருக்கு ஓட்டு என்று எப்படித் தெரியும்? பெட்டியை வைத்துத்தான். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. அதன்மேல் அவருடைய சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக்காளை. பெட்டிகள் மறைப்புக்குள் வரிசையாக இருக்கும். உள்ளே தனியாகப் போய், பிடித்த சின்னமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். 1937-இலேயே சென்னை மாகாணத்தில் நிறப்பெட்டிகள் இருந்தன; காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி.

இந்த ஏற்பாட்டின் அருமை எழுதப்படிக்கத் தெரியாதவரை நினைத்தால்தான் புரியும். 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்களே. சீட்டைப் படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும் என்றால் அங்கேயே ரகசியம் போய்விடும். அந்த இன்னொருவர் பண்ணையார் வீட்டுக் கணக்கப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

ரகசியம் இல்லாத தேர்தல் எப்படி இருக்கும் என்பதை ஸ்காட்லாந்தின் ஊர்கள் அனுபவித்திருக்கின்றன. 1872 வரை அங்கே வாக்காளர் தன் தேர்வை எல்லோர் காதிலும் விழச் சொல்லவேண்டும். பெய்ஸ்லி போன்ற நெசவூர்களில் தறிக்காரர்கள் தீவிர அரசியல் பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சாசன இயக்கத்தார் தங்களுக்கு எதிராக ஓட்டுப்போட்ட கடைக்காரரிடம் சாமான் வாங்காமல் ஒதுக்குவதும் உண்டு. வெளிப்படையான ஓட்டு அவர்களுக்கும் ஆயுதமாக இருந்தது. அப்படியிருந்தும் 1838-இல் அந்த இயக்கம் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் ரகசிய ஓட்டும் ஒன்று. முதலாளியும் நிலக்காரரும் அதே ஆயுதத்தை எவ்வளவு வலுவாக வீசுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறைப்புக்குள் கிடைத்த துணிச்சல் சின்னதல்ல. ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் பதவியில் இருந்துகொண்டே அந்தத் தேர்தலில் தோற்றார். ஆட்சியில் இருப்பவரை யாருக்கும் தெரியாமல் மறுக்க முடிந்தது. அந்த உரிமையை முதல்முறையாகக் கையில் பெற்றவர்கள் அதை உடனே பயன்படுத்திவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

பெட்டி முறையில் ஓட்டையும் இருந்தது. சீட்டைப் போடாமல் மடியில் மறைத்து வெளியே கொண்டுவந்து விற்றுவிடலாம். வாங்கியவர் நாலைந்தை மொத்தமாகப் போட்டுவிடலாம். பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டில் முத்திரை குத்தும் முறை 1962-இல் நாடெங்கும் வந்தது. அந்த முத்திரையின் உருவத்தில் அழகான வடிவியல் ஒளிந்திருக்கிறது. மை காயுமுன் சீட்டை மடித்தால் எதிர்ப்பக்கத்திலும் தடம் பதியும். முத்திரை வெறும் கூட்டல் குறியாக இருந்தால் அசல் எது, ஒட்டிய தடம் எது என்று சொல்லமுடியாது. கண்ணாடியில் காட்டினாலும் கூட்டல் குறி மாறாது. சுழலும் அம்புகள் கொண்ட முத்திரையோ கண்ணாடியில் எதிர்த்திசையில் சுழலும். ஆகவே திசை மாறிய தடம் போலி. மை ஒட்டிய குற்றத்துக்காக ஒருவருடைய ஓட்டு செல்லாமல் போகவேண்டியதில்லை.

சீட்டுக்குப் பதிலாக மின்னணு ஓட்டுப்பதிவு இயந்திரம் வந்தபின் செல்லாத ஓட்டு என்ற தொல்லை தீர்ந்தது. இன்னொன்று புதிதாக முளைத்தது. சீட்டாக இருந்தால் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணலாம். இயந்திரத்தில் சாவடிக்கு ஒரு கணக்கு வந்துவிடுகிறது. தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான். ஒரு தெருவின், ஒரு சேரியின் ஓட்டு ரகசியமல்ல. சில நூறு பேர் மட்டும் ஓட்டுப்போடும் சிற்றூரில், தோற்ற கட்சியோ ஜெயித்த கட்சியோ குடிநீர்க் குழாயையும் சாலையையும் நிறுத்திப் பழிதீர்க்க அந்தக் கணக்கே போதும். பல இயந்திரங்களின் ஓட்டுகளை ஒன்றாகக் கூட்டி மொத்தம் மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ என்ற கருவியைப் பயன்படுத்தச் சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை; வந்தாகவேண்டும்.