கோடை விடுமுறையில் துபாய்: பகலில் எங்கே, இரவில் எங்கே?

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் தமிழ்நாட்டிலிருந்து விசிட் விசாவில் துபாய் கிளம்பும் குடும்பங்கள் நிறைய. சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம்; அங்கே வேலை பார்க்கும் அப்பாவோடு சில வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று போகிறவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் சிக்கல் ஒன்றுதான். நமக்கு லீவு கிடைக்கும் நேரத்தில் துபாய் கொதிக்க ஆரம்பிக்கிறது. ஹோட்டல் வாடகை மலிவாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம்.

மே மாதத்திலேயே பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். ஜூலை, ஆகஸ்டில் நள்ளிரவிலும் 30-க்குக் கீழே இறங்காத நாட்கள் சாதாரணம். பாலைவனம்னா ராத்திரி குளிருமே என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே கடல், காற்றில் ஈரப்பதம் அதிகம். இதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எது மூடியிருக்கும்?

யூடியூப் வீடியோக்களில் கண்ணைப் பறிக்கும் குளோபல் வில்லேஜும் பூக்களால் ஆன மிராக்கிள் கார்டனும் குளிர்கால இடங்கள். கோடை தொடங்கும்போது மூடினால், அக்டோபர் வாக்கில்தான் திறப்பார்கள். இது தெரியாமல் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வதைவிட, டிக்கெட் போடும் முன்பே தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

அப்போ பகலில் என்ன செய்வது?

ஏசிக்குள் இருப்பதுதான். 2008-இல் திறந்த துபாய் மாலில் 1,200-க்கும் மேற்பட்ட கடைகள், ஒரு கோடி லிட்டர் தண்ணீர் பிடிக்கும் மீன் தொட்டி. தொட்டியை வெளியிலிருந்து பார்க்கக் காசு வேண்டாம். மால் ஆஃப் தி எமிரேட்ஸில் 2005 முதல் பனிச்சறுக்குக் கூடம் இருக்கிறது, பென்குயின்கூட உண்டு. ஒரு வாரம் மால்களிலேயே ஓடிவிடும். கூடவே பர்ஸும் ஓடும்.

828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவுக்கு சூரியன் மறையும் நேரத்து டிக்கெட்தான் விலை கூடியது. கோடையில் தூசு மூட்டம் படர்ந்தால் மேலே போயும் தெளிவாக எதுவும் தெரியாது. அதனால் அதிகக் காசு கொடுக்கும் முன் வானத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அடிவாரத்து நீரூற்று நடனத்தை மாலையில் இலவசமாகவே பார்க்கலாம். அது 2025-இல் பராமரிப்புக்காக மாதக்கணக்கில் நின்றிருந்தது என்பதால், போகும் முன் விசாரித்துக்கொள்ளவும்.

ஊர் எப்போது விழிக்கும்?

மதியம் மூடும் சிறு கடைகள் பல நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். உண்மையான துபாய் அதற்குப் பிறகுதான். பர் துபாயிலிருந்து தேராவுக்குக் கழியைக் கடக்கும் அப்ரா படகுக்குக் கட்டணம் ஒரே ஒரு திர்ஹாம். அக்கரையில் மசாலா சந்தை, தங்கச் சந்தை. இக்கரையில் அல் ஃபஹீதி பகுதியின் பழைய வீடுகள். கூரைமேல் நிற்கும் கோபுரங்கள் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்குவதற்காகக் கட்டப்பட்டவை. ஏசி வருவதற்கு முன் கோடையைக் கடத்தியது அப்படித்தான்.

சாப்பாட்டுக்குக் கராமா பக்கம் போனால் இட்லி, தோசைக்குக் குறையில்லை. சத்வாவில் 1978 முதல் இருக்கும் ராவி என்ற பாகிஸ்தானி உணவகத்துக்கு டாக்ஸி ஓட்டுநரும் வருவார், சுற்றுலாப் பயணியும் வருவார். மலையாளிகள் நடத்தும் கஃபெட்டேரியாக்களின் வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தால், கரக் டீ காருக்கே வந்துவிடும். ஐம்பதாவது மாடி விருந்தைவிட இந்த டீதான் ஊரை நன்றாக அறிமுகப்படுத்தும்.

கடலில் இறங்கவும் இரவுதான் சரி. 2023-இல் ஜுமைரா 2, ஜுமைரா 3, உம் சுகைம் 1 ஆகிய கடற்கரைகளில் இரவு நீச்சலுக்கென்றே விளக்குகளும் உயிர்காப்பாளர்களும் ஏற்பாடு செய்யப்பட்டன. மது, அனுமதி பெற்ற ஹோட்டல்களிலும் கிளப்களிலும் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். தெருவில் குடிப்பது குற்றம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 'கொஞ்சம்தான்' என்ற சலுகையெல்லாம் கிடையாது. மெட்ரோ பெரும்பாலான நாட்களில் நள்ளிரவு 12 மணியோடு நின்றுவிடும். அதற்குள் சாப்பிட நேரமில்லையே என்று ரயிலில் பொட்டலத்தைப் பிரித்தால் 100 திர்ஹாம் அபராதம்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு?

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் வீதம், அதிகபட்சம் 50,000 வரை நிறுவனத்துக்கு அபராதம். ஆனால், தடை அந்த இரண்டரை மணி நேரத்துக்கு மட்டுமே. காலைப் பத்து மணி வெயிலும் மாலை நான்கு மணி வெயிலும் இந்தக் கணக்கில் வராது. அப்பாவைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் இதையும் கவனத்தில் வைத்துத் திட்டம் போடலாம்: வெளியிடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவரை அன்றைக்கே ஊர் சுற்றக் கூப்பிடாமல், வார விடுமுறை இரவுக்குத் தள்ளி வைக்கலாம். கிளப்களிலிருந்து கடைசிக் கூட்டம் டாக்ஸி பிடித்துப் போன கொஞ்ச நேரத்திலேயே, தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த சோனாப்பூரிலிருந்து கம்பெனி பஸ்கள் கிளம்ப ஆரம்பித்துவிடுகின்றன.