எண்ணெயில் இம்மியளவு உலோகம்

'இம்மியளவும் பிசகவில்லை' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். இம்மி என்பது பழந்தமிழ்க் கணக்கின் மிகச் சிறிய பின்னங்களுள் ஒன்று. அத்தகைய சிற்றளவை மெய்யாகவே அளந்து காட்டவேண்டிய பொருளொன்று நம் அடுப்பங்கரையிலேயே உள்ளது. அதுவே சமையல் எண்ணெய்.

வித்து விளைந்த மண், ஆட்டும் பொறியின் இரும்பு, சேமிக்கும் கலம் என எண்ணெய்க்குள் உலோகம் புகும் வழிகள் பல. வனஸ்பதி ஆக்குகையில் நிக்கல் வினையூக்கியாகப் பயன்படுவதால் அதன் எச்சமும் தங்கக்கூடும். இரும்பும் செம்பும் எண்ணெயைக் காற்றிலுள்ள உயிர்வளியோடு விரைந்து சேரத் தூண்டுகின்றன; காறல் வாடை பிறப்பது இதனால்தான். இவ்விரண்டில் செம்பே கடியது. சுத்திகரித்த தாவர எண்ணெயில் கிலோவுக்கு இரும்பு 1.5 மில்லிகிராமுக்கும், செம்பு 0.1 மில்லிகிராமுக்கும் மிகலாகாது என்பது கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத்தர அமைப்பின் வரையறை. செம்பின் அளவு கோடியில் ஒரு பங்கு!

ஈயத்தின் செய்தி வேறு. அது நாவுக்குப் புலப்படாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இங்கு ஒரு சொல்லாராய்ச்சியும் தேவைப்படுகிறது. விருந்துச் சோறாக்கும் செம்புத் தேக்சாவுக்கு நாம் பூசுவது வெள்ளீயம், நஞ்சாவது காரீயம். 'ஈயம்' என்னும் ஒரே பெயர் இரண்டையும் மறைத்துவிடுகிறது. பூசுபவர் காரீயத்தைக் கலந்தால் கண்ணால் கண்டறிதல் அரிது.

அளப்பது எங்ஙனம்? கொழுகொழுப்பான எண்ணெயை அப்படியே கருவிக்குள் செலுத்துவது கடினம். திறந்த கலத்தில் கடுந்தீயில் எரித்தாலோ ஈயத்தில் ஒரு பகுதி ஆவியாகித் தப்பிவிடும். எனவே அரை கிராம் எண்ணெயை நைட்ரிக் அமிலத்துடனும் ஹைட்ரஜன் பெராக்சைடுடனும் டெஃப்லான் கலத்தில் இட்டு மூடி, ஆய்வுக்கூட நுண்ணலை அடுப்பில் சூடேற்றுவர். எண்ணெய் சிதைந்து தெளிநீர் போன்ற கரைசலாகும். அதனை 25 மில்லிலிட்டராக்கிக் கிராஃபைட் குழலில் துளியளவு விட்டு, பெருவெப்பத்தில் அணுக்களாக்குவர். செம்பை அளக்கச் செம்பாலான விளக்கு, அதன் 324.8 நானோமீட்டர் ஒளியைச் செம்பணுக்கள் உறிஞ்சும். குறைந்த ஒளியே உலோகத்தின் அளவைக் காட்டும். அணு உட்கவர் முறையாகிய இதனை 1955இல் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஆலன் வால்ஷ் வெளியிட்டார்.

கருவி எளிது, தூய்மைதான் அரிது. மேற்சொன்ன வரம்பில் உள்ள எண்ணெயானால் கலத்திலுள்ள செம்பு 0.00005 மில்லிகிராமே. கண்ணாடியும் அமிலமும் அறையின் தூசியும் அதனினும் மிகுதியாகத் தரக்கூடும். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என 1956இல் வெளியிட்ட கிளேர் பாட்டர்சனுக்கு, அதற்குமுன் தம் ஆய்வுக்கூடத்துத் தூசியிலிருந்த ஈயத்தோடு ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. ஆதலின் கலங்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவர்; எண்ணெயே இடாமல் எல்லாப் படிகளையும் ஒருமுறை செய்து, அதில் வரும் அளவைக் கழிப்பர்.

இன்னொரு சோதனையும் உண்டு. அளவறிந்த உலோகத்தை எண்ணெயில் வேண்டுமென்றே சேர்த்து, அது முழுதும் திரும்புகிறதா எனப் பார்ப்பர். சேர்த்தது பத்துப் பங்கும் திரும்பியது ஆறு பங்கும் ஆயின், எண்ணெய் தூயது என்று மகிழ்வதற்கில்லை. நான்கு பங்கு வழியில் எங்கோ தொலைந்துள்ளது. முதற்சொட்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதே.