பேர் மாறுச்சு, பேப்பர் மாறல

கோர்ட்டு மூடின ஒரு நாளிதழ், சில நாள்லயே வேற பேர்ல கடைக்கு வருது. ஈரான்ல இது நடந்துச்சு. அதுவும் ஒரு தடவை இல்ல.

1997-ல முகமது கதாமி அதிபரானதும், பத்திரிகை உரிமம் கொடுக்கிற கலாச்சார அமைச்சகம் சீர்திருத்தவாதிகள் கைக்கு வந்தது. 1998 பிப்ரவரியில 'ஜாமியே' தொடங்குச்சு. பாரசீக மொழியில 'சமூகம்'னு அர்த்தம். ஆசிரியர் மாஷால்லா ஷம்சுல்வாயிசின். புரட்சிக் காவல் படைத் தளபதி ஒரு உள்கூட்டத்துல, எதிர்க்கிறவங்க கழுத்தையும் நாக்கையும் வெட்டணும்ங்கிற தொனியில பேசினதை அப்படியே வெளியிட்டாங்க. காவல் படை புகார் கொடுத்துச்சு. ஜூலையில ஜாமியே காலி.

இங்கதான் கவனிக்கணும். உரிமம் கொடுக்கிறது அமைச்சகம், மூடுறது நீதிமன்றம். அமைச்சகம் அதிபர் பக்கம். நீதித்துறைத் தலைவரை நியமிக்கிறதோ உச்சத் தலைவர். தடை விழுந்தது அந்த ஒரு உரிமத்து மேல. அதனால அதே டீம் இன்னொரு உரிமத்துல 'தூஸ்' கொண்டு வந்தாங்க. செப்டம்பர்ல அதையும் மூடி, ஆசிரியரை ஜெயில்ல போட்டாங்க. வெளிய வந்து 1999-ல 'நெஷாத்'. அதுவும் போனப்புறம் 'அஸ்ரே ஆசாதேகான்'. டொமைனை பிளாக் பண்ணினா அதே கோடை வேற டொமைன்ல ஏத்துவோமே, அந்த மாதிரி. என்ன, நம்மள யாரும் அதுக்கு உள்ள தூக்கி வைக்கிறதில்ல.

2000 ஏப்ரல்ல இந்த ஓட்டையை அடைச்சாங்க. பதவிக்காலம் முடியப்போற பழமைவாத நாடாளுமன்றம், மூடின பத்திரிகையைப் போலவே பேரும் தோற்றமும் உள்ள இன்னொண்ணு வரக்கூடாதுன்னு சட்டத்தைத் திருத்துச்சு. அதே மாசம் சில நாளுக்குள்ள ஒரு டஜனுக்கு மேல சீர்திருத்தப் பத்திரிகைகளை மூடினாங்க. அதுக்கு எடுத்த சட்டம் எதுன்னு பாத்தா, 1960-ல, ஷா காலத்துல போட்டது! ஆபத்தான குற்றவாளிங்ககிட்ட இருந்து குற்றத்துக்கான கருவியைப் பறிமுதல் பண்றதுக்கான சட்டம். கத்தி வரிசையில பேப்பரும் சேர்ந்துச்சு. தணிக்கைன்னா சிவப்புப் பேனான்னு நினைக்கிறோம். இங்க வரிக்கு வரி அடிக்கிற வேலையே வேண்டாம், ஆபீஸைப் பூட்டினா போதும். அடுத்த பேப்பர்காரர் தன் வரியைத் தானே அடிச்சுக்குவார்.

தேர்தல்ல ஜெயிச்சு வந்த சீர்திருத்தப் பெரும்பான்மை, ஆகஸ்ட்ல அந்தச் சட்டத்தைத் தளர்த்தப் பாத்துச்சு. உச்சத் தலைவர் காமேனியோட கடிதம் வந்தது; விவாதமே நடக்காம மசோதாவை எடுத்துட்டாங்க. அந்த நேரம் ஷம்சுல்வாயிசின் எவின் சிறையில இருந்தார். நெஷாத்துல மரண தண்டனையைக் கேள்வி கேட்ட ஒரு கட்டுரையை வெளியிட்டதுக்காக.